மூட்டையில் வந்த மண்

கோப்பிச் சக்கையை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் பூசணம் பூக்கும், அது நல்லது. சோயாப் பால் பிழிந்த சக்கையை அப்படி விட்டுவைத்தால் ஒரே இரவில் நாறிப்போகும். மறுநாள் மூன்றாம் மாடியிலிருந்து நகர மன்றத்துக்குப் புகார் போகும். ஆகவே சோயாச் சக்கையை வந்த அன்றே காய்ந்த சருகோடு புரட்டி மூடிவிட வேண்டும். முட்டை ஓட்டுக்கு அவசரமில்லை. கோப்பிக் கடைகளில் அரைவேக்காட்டு முட்டை விற்கிற வரைக்கும் அது கிடைத்துக்கொண்டே இருக்கும். காயவைத்துச் சாக்கில் போட்டு மிதித்தால் தூளாகிவிடும்.

சைனாடவுனில் ஓர் அடுக்குமாடிப் பேட்டையின் சமூகத் தோட்டத்தில் கீரை போடும் பெரியவர் ஒருவருக்கு வேலையில் பெரும்பங்கு இதுதான். விதைப்பது, தண்ணீர் விடுவது, அறுப்பது எல்லாம் சேர்ந்தாலும் மண்ணுக்கு ஆகும் நேரத்தில் பாதி வராது. மன்னார்குடிப் பக்கத்து நெல் குடும்பத்துப் பிள்ளை. தாய்மாமன் அழைக்க, இளவயதில் சிங்கப்பூர் வந்தவர், லிம் சூ காங்கில் ஒரு காய்கறிப் பண்ணைக்கு லாரி ஓட்டினார். விடியுமுன் சரக்கை ஏற்றிப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கும், 1983இல் திறந்த சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மார்க்கெட்டுக்கும் கொண்டுபோவது வேலை. லாரி காலியான பிறகு பாத்தியில் கைகொடுக்கப் போய், போகப்போகப் பாத்திகளே அவர் பொறுப்பாகிவிட்டன.

ஊரில் மண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட்டு அவர் கேட்டதில்லை. பேச்செல்லாம் தண்ணீர்தான். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, கடைமடைக்கு வந்து சேருமா, குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்கு நிற்கலாமா. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் காலுக்குக் கீழே கிடந்தது. பாட்டன் காலத்திலும் கிடந்தது. சிங்கப்பூரில் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒரு நாள் மழைநாள். வறட்சியான மாதம் என்று சொல்லப்படும் பிப்ரவரியில்கூட வானம் முழுதாகக் கைவிடுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஒரே அளவுதான். பட்டம் பார்க்க வேண்டியதில்லை. ஆடி, தை என்று எதையும் தேட வேண்டியதில்லை. எந்த வாரமும் விதைக்கலாம். எந்த வாரமும் கெடலாம்.

மழைதான் முதல் எதிரி என்பதை ஏற்றுக்கொள்ளவே ஒரு டெல்டாக்காரருக்குக் காலம் பிடித்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி மழை கேட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் நின்றுகொண்டு இந்த வாரம் மட்டும் வேண்டாம் தாயே என்று கும்பிடுவது அவருக்கே வேடிக்கையாக இருந்ததாம். மார்க்கெட்டில் சைசிம் கீரையை ஆன்ட்டிமார் தூக்கிப் பார்ப்பது இலையைத்தான். பெருந்துளி விழுந்து கிழிந்த இலை, சேறு தெறித்துப் புள்ளி விழுந்த இலை, ஈரம் காயாமல் அடித்தண்டு அழுகிய கட்டு, மூன்றுமே கழிவுக் கூடைக்குப் போகும். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் சூறைமழை ஒரு மணி நேரம் அடித்தால் போதும், முளைத்து நான்கு நாளான நாற்று படுத்துவிடும். எழுந்து நிற்கிறவற்றையும் இரண்டு நாளில் நாற்றழுகல் எடுத்துக்கொள்ளும்.

மழை இலையோடு நிற்பதில்லை, மண்ணையும் கழுவிக்கொண்டு போகிறது. இத்தீவின் நடுவில் கிரானைட் பாறையும் மேற்கில் பழைய படிவுப் பாறைகளும் லட்சக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் மக்கிச் செம்மஞ்சள் களியாகிக் கிடக்கின்றன. சுண்ணாம்பும் பொட்டாசும் என்றோ கரைந்து போயின. மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும். மண் நன்றாகப் புளித்துக் கிடப்பதால் அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். போட்ட மணிச்சத்தை இரும்பு பிடித்துவைத்துக்கொள்ளும். எரு போட்டால் சரியாகாதா என்றால், ஆகும், சில மாதத்துக்கு. இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் எருவை ஓட்டமாகத் தின்று தீர்த்துவிடும். குளிர்நாட்டில் ஒரு முறை போட்ட தொழுவுரம் சில ஆண்டு பேசும். இங்கே ஒவ்வொரு போகத்துக்கும் போட வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கைசுட்டுக்கொண்டவர்கள் பெரிய பெரிய ஆட்கள். சைனாடவுனைச் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாமே ஒரு காலத்தில் தோட்டங்கள். ராஃபிள்ஸை ஏற்றிவந்த ‘இண்டியானா’ கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பேர்ல், 1822இல் ஒரு குன்றைப் பிடித்து, அங்கிருந்த சீனர்களின் காம்பியர் தோட்டங்களை வாங்கி மிளகு நட்டார். அதுதான் இன்றைய பேர்ல்ஸ் ஹில். ஆன் சியாங் ஹில்லில் கிராம்பும் ஜாதிக்காயும் நின்றன. இப்போது மதுக்கடைகளும் சின்னச் சின்ன ஹோட்டல்களும் நிற்கிற டக்ஸ்டன் பகுதி, டாக்டர் வில்லியம் மான்ட்கோமரியின் ஜாதிக்காய்த் தோட்டம். 1840களில் ஜாதிக்காய்ப் பித்து ஊரையே பிடித்தது. டாக்டர், வக்கீல், வணிகர் என்று ஆளாளுக்கு மரம் வைத்தார்கள். 1850களின் நடுவில் மரங்கள் வரிசையாகக் காய ஆரம்பித்தன. வண்டு தாக்கியது என்றார்கள். வண்டு வந்தது உண்மைதான். ஆனால் கூலிக்கு ஆள் வைத்து எருவைச் சுமந்து போட்டால் மட்டுமே நிற்கக்கூடிய மரத்தை, இந்தக் களிமண்ணில் நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு நட்டுவைத்ததையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மான்ட்கோமரி 1856இல் இறந்ததும் அவர் நிலம் துண்டு போட்டு விற்கப்பட்டது. அதன் மேல்தான் கடைவீடுகள் முளைத்தன.

சீனக் குடியானவர்கள் கொஞ்சம் கூர்மையாகக் கணக்குப் போட்டார்கள். காம்பியரையும் மிளகையும் சேர்த்தே வைத்தார்கள். காம்பியர் இலையைக் கொப்பரையில் காய்ச்சிச் சத்தை எடுத்தபின் மிஞ்சும் இலைச் சக்கை மிளகுக் கொடியின் அடிக்கு மூடாக்கும் எருவுமாக ஆயிற்று. வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் காம்பியர் விலைபோனது. ஆனாலும் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். தோட்டத்தின் அளவுக்குக் காடும் வேண்டும். பதினைந்து இருபது ஆண்டில் மண்ணும் ஓய்ந்தது, விறகும் தீர்ந்தது. லாலாங் புல்லுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஜொகூருக்குப் படகேறினார்கள்.

இந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் நெருக்கியடித்து மக்கள் குடியேறிய பிறகுதான் இந்த ஊருக்கு உருப்படியான ஓர் எரு கிடைத்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியதுதான்: சைனாடவுன் கடைவீடுகளின் மலவாளிகள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள் அடைந்து கிடந்த காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குழுக்கள் அந்த வாளிகளை எடுத்து நகர எல்லையிலிருந்த காய்கறித் தோட்டங்களுக்கு விற்றன. ஊர் தின்ற கீரையின் சத்து திரும்பக் கீரைப் பாத்திக்கே போனது. சுகாதாரம் பார்க்கிறவர்களுக்கு அது பயங்கரம். புழு, வாந்திபேதி, டைஃபாய்டு எல்லாம் அதே வழியில்தான் திரும்பி வந்தன. வாளி எடுக்கும் முறை 1987 ஜனவரியில் முற்றிலும் நின்றது. பன்றிப் பண்ணைகள் 1990 வாக்கில் மூடப்பட்டன. இரண்டுமே ஊருக்கு நல்லதுதான். ஆனால் பாத்திக்காரர்களுக்கு எரு வந்த இரண்டு பெரிய வாசல்கள் சில ஆண்டு இடைவெளியில் அடைபட்டன. இதை எந்தக் கண்காட்சியிலும் எழுதிவைத்துப் பெரியவர் பார்த்ததில்லை.

லிம் சூ காங்கில் அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த முதிய தவுக்கே, அதாவது பண்ணை முதலாளி, அந்த வாளிக் காலத்தைப் பார்த்தவர். இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய்தான். தவுக்கே மண்ணை எடுத்து வாயில் வைத்துப் பார்ப்பார்; புளித்தால் சுண்ணாம்பு, உப்புக் கரித்தால் கோழி எருவை நிறுத்து. ஒரு காலத்தில் மண்ணைச் சுட்டுத்தான் பயிர் வைத்தார்களாம். விறகையும் காய்ந்த லாலாங்கையும் அடுக்கி, மேலே களிக்கட்டிகளைக் கவிழ்த்து மூடி, தீ தெரியாமல் நாள்கணக்கில் புகையவிடுவது. களை விதையும் நோய்க்கிருமியும் செத்துப்போகும். சாம்பல் சேர்ந்து புளிப்புக் குறையும். களி பொலபொலவென்று உதிரும். அதோடு காய்ந்த இறால் ஓட்டுத் தூளையும் புண்ணாக்கையும் கலப்பார்கள். திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை வந்தபிறகு சுட்ட மண் போயிற்று. முட்டைப் பண்ணைகள் இருந்ததால் கோழி எரு மட்டும் தாராளமாகக் கிடைத்தது. பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். மரத்தூளோடு குவித்து, புரட்டி, சூடு தணிந்த பிறகுதான் பாத்திக்குப் போகும்.

பயிர்த் தேர்விலும் தவுக்கேயிடம் ஒரு தெளிவு இருந்தது. நிலைக்காத மண்ணில் நிலைத்து நிற்கும் பயிர் வேண்டாம். கங்கோங்குக்கும் பாயம் என்று இங்கே சொல்லும் தண்டுக்கீரைக்கும் மூன்று நான்கு வாரம். சைசிம்முக்கு ஒரு மாதம். கைலானுக்கு இன்னும் சில நாள். நோய் வந்து சேர்வதற்குள் அறுத்துவிடலாம். மரவள்ளி மட்டும் எந்த எருவும் கேட்காமல் இந்தப் புளிப்பு மண்ணிலேயே நிற்கும். ஜப்பானியர் காலத்தில் 1942 முதல் 1945 வரை ஊரே அதைத் தின்று உயிர்பிழைத்ததற்குக் காரணம் வேறில்லை. அந்தத் தலைமுறைக்காரர்கள் பலர் பிறகு மரவள்ளியைக் கண்ணால் பார்க்கவும் மறுத்தார்கள். தவுக்கேயும் அப்படித்தான், தோட்ட ஓரத்தில் தானாக முளைத்ததைக்கூடப் பிடுங்கி எறிவார்.

பிரான்சிலிருந்து இரண்டு இளைஞர்கள் ஒரு முறை பண்ணையைப் பார்க்க வந்தார்கள். பாரிசுக்குத் தென்மேற்கே சார்த்ர் ஊரைச் சுற்றி விரியும் போஸ் சமவெளியில் கோதுமை போடுகிற குடும்பத்தினர். அந்நாட்டுக் களஞ்சியம் என்று பெயரெடுத்த பகுதி. பனியுக முடிவில் காற்று கொண்டுவந்து கொட்டிய மென்வண்டல் அங்கே ஆழமாகப் படிந்து கிடக்கிறது. அக்டோபரில் விதைத்து ஜூலையில் அறுக்கிறார்கள். இடையில் வரும் குளிர் பட்டால்தான் குளிர்காலக் கோதுமை கதிர் விடும். ஹெக்டேருக்குச் சராசரி ஏழு டன். ஒன்பது மாதம் ஒரே பயிரா என்று பெரியவர் வாய்பிளக்க, ஒன்பது மாதத்தில் எட்டு அறுப்பா என்று அவர்கள் வாய்பிளந்தார்கள். அவர்களுக்கும் மழை பகையாவது உண்டு. 2024இல் ஓயாத மழையும் வெளிச்சக் குறைவும் சேர்ந்து பிரான்சின் கோதுமை விளைச்சலை 2.6 கோடி டன்னுக்கும் கீழே இறக்கியது. நாற்பது ஆண்டு காணாத சரிவு. அந்தச் செய்தியைப் படித்தபோது அவருக்கு அந்தப் பையன்களின் ஞாபகம் வந்ததாம்.

ஆனால் பிரான்சில் அவருக்கு நெருக்கமான ஆட்கள் கோதுமைக்காரர்கள் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசின் காய்கறித் தோட்டக்காரர்கள். நகரத்தின் குதிரை லாயங்களிலிருந்து சாணத்தை வண்டி வண்டியாக ஏற்றிவந்து, அதன் சூட்டிலேயே பாத்தி போட்டு, கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து, உறைபனிக் காலத்திலும் கீரை எடுத்தவர்கள். ஒரே பாத்தியில் ஆண்டுக்குப் பல போகம். தலைமுறைகளாகச் சாணம் போட்டுப் போட்டு அவர்கள் காலடி மண் முழுக்க அவர்களே செய்த மண்ணாயிற்று. குத்தகை முடிந்து கிளம்பும்போது குறிப்பிட்ட ஆழம் வரை மண்ணை வெட்டி எடுத்துப்போகும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வார்களாம். ரஷ்யச் சிந்தனையாளர் குரோபாட்கின் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். மோட்டார் வண்டி வந்து குதிரை ஒழிந்தபோது அந்தத் தொழிலும் ஒழிந்தது.

லிம் சூ காங்கில் அப்படி ஒப்பந்தம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. 2014இல் அங்கிருந்த 62 பண்ணைகளுக்குக் குத்தகை நீட்டிக்கப்படாது, நிலம் ராணுவப் பயிற்சிக்கு வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு சில ஆண்டு அவகாசம் கிடைத்தது. அந்த வட்டாரத்தில் அவர் வேலை பார்த்த பண்ணையும் குத்தகை தீர்ந்து மூடியது. வலைக்கூடத்தின் இரும்புக் கம்பிக்கு விலை கிடைத்தது, பம்புக்குக் கிடைத்தது, முப்பது ஆண்டு கோழி எரு தின்று கறுத்துப்போன மேல்மண்ணுக்கு மதிப்பே போடவில்லை. தவுக்கேயின் மகன் சிரித்துக்கொண்டே, “அண்ணே, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். எடுத்துக்கொண்டார். அரிசி மூட்டைச் சாக்குகளில் அள்ளி, அதே லாரியில், கீரை போன அதே பாதையில் சைனாடவுனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சமூகத் தோட்டத்தில் அதற்குமுன் இருந்தது கட்டட வேலைக்காரர்கள் நிரப்பிவிட்டுப் போன களி.

தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் தீவெங்கும் இத்தகைய தோட்டங்கள் பெருகியிருக்கின்றன. பேட்டைத் தோட்டத்துக்கு என்று தனி நெருக்கடிகள் உண்டு. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும், அபராதம் விழும். கோழி எரு நினைத்தும் பார்க்க முடியாது. அதனால்தான் கோப்பிக் கடைகளும் சோயாப் பால் கடையும் கரும்புச் சாறு கடையும் அவருடைய எருக்குழிகளாயின. மார்க்கெட்டில் காய்கறி விற்கும் சீன மூதாட்டி கழித்துப்போட்ட வெளி இலைகளைத் தனிப் பையில் கட்டி வைத்திருப்பார். “அண்ணே, இன்றைக்கு முட்டைக்கோசு நிறைய” என்பார் மலாயில். பதிலுக்கு அவருக்குப் போவது கறிவேப்பிலை. பேட்டையில் இன வேறுபாடு இல்லாமல் திருட்டுப் போகிற ஒரே இலை அதுதான். மரத்தைச் சுற்றி வலை கட்டிப் பார்த்தார்கள், வலைக்கு மேல் கை நீண்டது.

அரசாங்கம் இதற்கிடையில் பெரிய கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தது. 2030க்குள் ஊருக்கு வேண்டிய சத்தில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். கார் நிறுத்தக் கட்டடங்களின் கூரையில் தண்ணீர்ப் பண்ணைகள் வந்தன. மின்விளக்கில் கீரை வளர்க்கும் அடுக்குக் கூடங்கள் வந்தன. மின் கட்டணமும் கூலியும் ஏற, மலேசியக் கீரை குறைந்த விலைக்கே கிடைத்துக்கொண்டிருக்க, பல கூடங்கள் மூடின. 2024இல் உள்ளூர்க் காய்கறியின் பங்கு 3 விழுக்காட்டு அளவில் நின்றது. 2025 நவம்பரில் பழைய இலக்கைக் கைவிட்டு, 2035க்குள் காய்கறி, முளைப்பயறு, காளான் வகையில் 20 விழுக்காடு, முட்டை, மீன் வகையில் 30 விழுக்காடு என்று மாற்றி அறிவித்தார்கள். தண்ணீர்ப் பண்ணைக் கீரையை அவர் குறைசொல்வதில்லை; சுத்தமாக இருக்கிறது, புழு இல்லை என்பார். மண் வேலை தெரிந்த ஆட்களைக் கலைத்துவிட்டுப் பணத்தை விளக்குக்குக் கொடுத்ததுதான் அவருக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரை எழுதுபவருக்கும் புரியவில்லை.

தோட்டத்துக்கு இப்போது இளையவர்கள் வருகிறார்கள். மண்ணை வாயில் வைப்பதற்குப் பதிலாகக் கையில் அளவி வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்கு மகிழ்ச்சிதான். தகராறு தக்காளியில் வந்தது. இந்த மண்ணில் தக்காளி இடுப்பளவு வளர்ந்து, பூத்து, காய் பிடிக்கும் நேரத்தில் பச்சையாகவே தொங்கிப்போகும். பாக்டீரியா வாடல் நோய், மருந்தில்லை. தண்டை வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால் பால்போல நூல் இறங்கும், அதைக் காட்டிப் பலருக்கும் தக்காளி ஆசையைத் தீர்த்திருக்கிறார். ஒரு தமிழ்ப் பெண், பாலிடெக்னிக் மாணவி, கேட்கவில்லை. கத்தரி நாற்றின் அடித்தண்டில் தக்காளி நுனியை ஒட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் மழைக்காலத் தக்காளிக்குப் பரப்பிய முறை அது. அதற்கென்று தேர்ந்த கத்தரி ரகங்களின் வேர் வாடல் நோய்க்கும் தேங்கும் தண்ணீருக்கும் எளிதில் அசையாது.

“தாத்தா, ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கணும், நீங்க மண் அணைச்சிடாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். டிசம்பர் மழை முழுவதையும் அந்தச் செடிகள் தாங்கின. காய் சிறியதுதான், தோலும் கொஞ்சம் தடிப்பு. ரசத்துக்கு நன்றாக இருந்தது என்றார். அடுத்த பாத்திக்கு எந்தக் கத்தரி விதை, எங்கே கிடைக்கும் என்று அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.